வட்டுக்கோட்டையின் பழைய ஏடுகள்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை ஒரு சிற்றூர். அங்கே 1823-இல் அமெரிக்க மிஷனார் தொடங்கிய செமினரியைப் பற்றிப் பேசவரும் எவரும், சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளானதைச் சொல்லித்தான் அமர்வார்கள். பெருமை உண்மையே. ஆயினும் ஒன்றை மறந்துவிடுகிறோம். சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1857-இல். செமினரி மூடப்பட்டது 1855-இல். பட்டம் வந்தபோது அதைக் கொண்டாடச் செமினரி இல்லை!

ஆகவே அச்சாலையை அளக்க வேறு சான்று வேண்டும். அது விட்டுச்சென்ற ஏடுகள் இருவகை. மிஷனார் தம் நாட்டுக்கு விடுத்த அறிக்கைகளும் கடிதங்களும் ஒருவகை. மாணவர் கைக்கென அச்சான தமிழ்ப் பாடநூல்கள் மற்றொரு வகை.

ஆராய்ச்சியாளர் பெரிதும் நாடுவது முன்னதை. அதனை விழிப்போடு படித்தல் வேண்டும். பொருளுதவி செய்தோர் கண்ணுக்கென எழுதப்பட்டது அது. படிப்புச் செலவை ஏற்றவர் விரும்பிய பெயர் பிள்ளைக்குச் சூட்டப்படுவது அன்றைய வழக்கம். கறோல், நெவின்ஸ், ஆர்னல்ட் என்பன தமிழ்ப் பெயர்களுக்கு முன்னே ஏறியது இவ்வாறுதான். மாணவர் பட்டியலே ஒருபுறம் நன்கொடைக் கணக்காகவும் நிற்கிறது. கொடுத்தவர்க்கு எழுதுங்கால் வெற்றி பெருத்தும் குறை சிறுத்தும் போதல் இயல்பு. மேலிடத்துக்கு ஆண்டறிக்கை எழுதிய தலைமையாசிரியர் எவரும் இதனை மறுக்கமாட்டார்!

பாடநூலின் நிலை வேறு. 1855-இல் வெளிவந்த விசுவநாதபிள்ளையின் 'வீசகணிதம்' எவருடைய தயவையும் வேண்டி எழுதியதன்று. கணக்குப் பிசகினால் வகுப்பிலேயே வெளிப்பட்டுவிடும். நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை தருக்கத்தைத் தமிழில் 'நியாய இலக்கணம்' ஆக்கினார். மானிப்பாயில் மருத்துவர் கிறீன் மேல்நாட்டு மருத்துவத்தையே தமிழில் கற்பித்து, நூல்களும் வெளியிட்டார். தமிழில் அறிவியல் இயலுமா என்று நாம் மேடையேறி வழக்காடுவதற்கு நூறாண்டு முன்னரே, அவ்வழக்கு அங்கே கரும்பலகையில் தீர்ந்துவிட்டது. இவற்றைச் செய்தவர்கள் ஆங்கிலத்தை நன்கு கற்றவர்கள் என்பதையும் மறைத்தலாகாது. அந்த ஆங்கிலக் கல்வி இளைஞரை அரசாங்க உத்தியோகத்துக்கு இழுத்ததேயன்றிச் சமயப்பணிக்கு உதவவில்லை என்று கருதித்தான், பார்வையிட வந்த ரூபஸ் அண்டர்சன் குழுவினர் செமினரியை மூடும் முடிவுக்கு வழிசெய்தனர்.

1824-இல் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியை நம் கட்டுரையாளர் ஒரு வரியில் கடந்து விடுவதும் எனக்கு உடன்பாடன்று. அது தனியே எழுதற்குரியது.

ஏடுகளின் வாழ்வும் ஒரே தன்மையதன்று. மிஷன் கடிதங்கள் ஹார்வர்டு நூலகத்தில் பத்திரமாக உள்ளன. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. பாடநூலுக்கோ நெருப்பும் வேண்டியதில்லை; பையன் கையில் கிழிந்தே போய்விடும்.

நம் தோட்டப் பள்ளிகளிலும் இதுதான் கதை. எத்தனையோ பள்ளிகள் மூடப்பட்டன; எத்தனையோ இடம் மாறின. ஆண்டு மலர் போடுகிறோம். முதற் பக்கங்களெல்லாம் பிரமுகர் வாழ்த்தும் மாலையிட்ட படமும். எந்த மாதத்தில் எத்தனை பிள்ளைகள் வரவில்லை, எந்த வகுப்போடு பெண்பிள்ளைகள் நின்றுபோனார்கள் என்று சொல்லக்கூடியது பழைய வருகைப் பதிவேடு ஒன்றுதான். அலமாரியை ஒழிக்கும் நாளில் முதலில் குப்பைக்குப் போவதும் அதுவே.