எண்ணப்படாத தடைகள்

2012 மார்ச்சில் '3' திரைப்படம் வெளியாகவிருந்த நேரத்தில், அதன் திருட்டுப் பிரதிகள் இணையத்தில் பரவாமல் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. யாரென்று தெரியாத எதிராளிகளுக்கு 'அசோக் குமார்' என்று பெயரிட்டுத் தொடுத்த வழக்கு அது. மே மாதம் இணையச் சேவை நிறுவனங்கள் சில அந்த உத்தரவைச் செயல்படுத்தியபோது விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்கள் அடியோடு முடங்கின. படம் இருக்கும் குறிப்பிட்ட பக்கத்துக்குத்தான் தடை, முழுத் தளத்துக்கும் இல்லை என்று ஜூன் 22 அன்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

அந்த விளக்கம் சரியானது, ஆனால் பாதி வேலைதான். தடை விதியின் அகலம் குறைந்ததே தவிர, அந்த விதி யாரை, எவ்வளவு தடுத்தது என்ற கேள்வி எழவே இல்லை. இன்று அந்த அகலத்தையும் காக்க முடிவதில்லை. தளங்கள் மறையாக்கம் செய்யும் எச்.டி.டி.பி.எஸ்ஸுக்கு மாறிவிட்டதால், நடுவில் இருக்கும் சேவை நிறுவனத்தின் தடுப்புக் கருவிக்கு அதிகபட்சம் டொமைன் பெயர்தான் தெரியும். எந்தப் பக்கம் என்பது தெரியாது. ஆகவே பக்கத்தைத் தடு என்றாலும் தளமே தடைபடும். ஐபி முகவரியைத் தடுத்தால் நிலைமை இன்னும் மோசம். அதே முகவரியில் குடியிருக்கும் சம்பந்தமில்லாத தளங்களும் சேர்ந்து போகும்.

ஒரு விதி எவ்வளவு தடுத்தது என்பதை அந்தக் கருவியால் ஓரளவு சொல்ல முடியும். லினக்ஸின் தடுப்புக் கருவியான ஐபிடேபிள்ஸில் ஒவ்வொரு விதிக்கும் எத்தனை பாக்கெட் (தரவுப் பொதி), எத்தனை பைட் என்ற கணக்கு, அதாவது கவுண்டர், தானாகவே ஓடும். அதற்கு மாற்றாக 2014இல் வந்த என்.எஃப்.டேபிள்ஸில் கவுண்டர் வேண்டுமென்று எழுதினால்தான் உண்டு. வேகத்துக்காகச் செய்த மாற்றம். பொறியியலில் அது நியாயம். பொதுமக்கள் மேல் விழும் தடையில் அந்த நியாயம் செல்லாது.

கவுண்டரை அப்படியே நம்பிவிடவும் கூடாது. பதில் வராத இணைப்பை உலாவி திரும்பத் திரும்ப முயலும் என்பதால், ஒரே ஆளின் முயற்சி பல பாக்கெட்டாகப் பதிவாகும். பூஜ்ஜியம் இருந்தால் விதி பயனற்றது என்றும் சொல்லிவிட முடியாது. பெரும்பாலான கருவிகளில் விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்பட்டு, முதலில் பொருந்துவதே முடிவாகும்; மேலே ஒரு அகலமான விதி எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டால் கீழே உள்ளது எக்காலமும் பூஜ்ஜியம்தான். கருவியை மறுதொடக்கம் செய்தால் கணக்கு அழிந்தும் போகலாம்.

இத்தனை குறை இருந்தும் என் சாய்வு கவுண்டர் பக்கமே. காரணம், அது ஆளை வேவு பார்ப்பதில்லை. லாக் யார், எப்போது, எங்கே போனார் என்று குறிக்கும்; கவுண்டரில் எண்ணிக்கை மட்டுமே இருக்கும். குடிமக்களின் அந்தரங்கத்தைத் தொடாமல் தடையின் தாக்கத்தை அறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

சொல்வதை நம்பாமல் அளந்து பார்க்க வேண்டும் என்ற இந்தத் தர்க்கம், தோல் ஆலைகள் உள்ள திமிரி, ஆற்காடு, ராணிப்பேட்டை வட்டாரத்தாருக்குப் புதிதல்ல. தோல் ஆலைக் கழிவுநீர் குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பளித்தது. 2014இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், தோல் பதனிடும் ஆலைகள் உள்ளிட்ட அதிக மாசு தரும் தொழில்கள் இடைவிடாத அளவீட்டுக் கருவி பொருத்த வேண்டும் என்றது. சுத்திகரிக்கிறோம் என்ற வாய்மொழி போதாமல்தான் வெளியேறும் இடத்தில் மானி வந்தது. இணையத் தடைக்கு அப்படியொரு மானி இல்லை. 2018இல் '2.0' படத்துக்காக ஒரே உத்தரவில் 12,000க்கும் அதிகமான தளங்களைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. திருட்டுத் தளம் பெயர் மாற்றிக்கொண்டு ஓடிவிடும். பழைய பெயருக்கான விதி கருவியிலேயே தங்கிவிடும்.

தடை கேட்பவரின் உரிமை உண்மையானது. படத்தில் பணம் போட்டவரின் நஷ்டமும் உண்மையானது. அதனால் தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. முடியும் தேதி இல்லாத, கவுண்டர் இல்லாத தடையுத்தரவை நீதிமன்றங்கள் இனி வழங்கக் கூடாது. அந்தக் கணக்கைச் சேவை நிறுவனங்கள் மாதந்தோறும் பொதுவில் வெளியிட வேண்டும்.