நேரலை ஆட்டமும் நன்கொடைக் கணக்கும்

போக்கரில் ஒருவர் கையிலுள்ள சீட்டு அவருக்கு மட்டுமே தெரியும். அதனால் வேடிக்கை பார்ப்பவருக்கு அது நெடுங்காலம் சப்பென்ற ஆட்டமாகவே இருந்தது. 1999-இல் பிரிட்டனின் சேனல் 4 'லேட் நைட் போக்கர்' நிகழ்ச்சிக்காக மேசையில் கண்ணாடி பதித்து அடியில் கேமரா வைத்தது. கையில் ஒன்றுமில்லாமலே தொகையை ஏற்றி மிரட்டுபவர் யார், மிரண்டு நல்ல சீட்டைக் கீழே போடுபவர் யார் என்பது வீட்டிலிருப்பவருக்குத் தெரிந்தது. ஆட்டக்காரருக்கு யாரும் துப்புக் கொடுத்துவிடக் கூடாது என்பதால், பெரிய போட்டிகளின் ஒளிபரப்பு வேண்டுமென்றே தாமதிக்கப்படுகிறது. நேரலை என்பது பாதிதான் உண்மை. ஆனால் அந்தத் தாமதம்தான் ஆட்டத்துக்குக் காவல்.

தொலைக்காட்சி தந்த இந்தப் புகழை அறத்துக்குத் திருப்பியதில் பெரிய முயற்சி, 2012-இல் லாஸ் வேகாஸில் நடந்த 'ஒன் டிராப்' போட்டி. நுழைவுத்தொகை 10 லட்சம் டாலர். அதில் 1,11,111 டாலர் குடிநீர்த் திட்டங்களுக்கு. 48 பேர் ஆடியதில் 53 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. முதல் சீட்டு விழும் முன்பே நன்கொடை தனியே எடுத்து வைக்கப்பட்டது இதன் சிறப்பு. வென்றவரின் மனநிலையை நம்பி யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் தலைப்புச் செய்தியானது வெற்றியாளர் அன்டோனியோ எஸ்பான்டியாரி வாங்கிய 1 கோடியே 83 லட்சம் டாலர்தான்.

திரை ஆட்டத்தையும் சேர்த்தே விற்கிறது. 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் உலகப் போட்டியை வென்றதைத் தொலைக்காட்சி காட்டியது. அந்த ஆண்டு 839 பேர் ஆடிய போட்டிக்கு மறு ஆண்டு 2,576 பேர் வந்தார்கள். அப்படி வந்து தோற்றவர்களின் வீட்டுக்கு எந்தக் கேமராவும் போகவில்லை. ஆன்லைன் ரம்மி விளம்பரங்களைப் பார்த்த தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. இணைய ஆட்டங்களை ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த மாநிலச் சட்டத்தில் ரம்மியும் போக்கரும் தடைப் பட்டியலில் இருந்தன. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, அந்தப் பட்டியலை மட்டும் நீக்கியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. தமிழ்நாட்டுக்காரர் இன்று வெளிநாட்டுப் போக்கரைக் கைப்பேசியில் பார்க்கலாம். காசு கட்டி ஆட முடியாது.

பந்தயமே இல்லாமல் ஆட்டத்தின் வழி நன்கொடை திரட்ட முடியும் என்று காட்டியது சதுரங்கம். 2021 மே மாதம் விஸ்வநாதன் ஆனந்த், பிரக்ஞானந்தா உள்ளிட்ட ஐவர் கோவிட் நிவாரணத்துக்காக இணையத்தில் ஆடினார்கள். ஆனந்துடன் ஆடக் கட்டணம் 150 டாலர், மற்றவர்களுடன் 25. தோற்றவருக்கும் இழப்பு அவ்வளவே.

அடுத்த மாதம், பசித்தவர்களுக்கு உணவு வழங்கும் அட்சய பாத்திரம் அறக்கட்டளைக்காகப் பிரபலங்களுடன் ஆனந்த் ஆடியபோது, தொழிலதிபர் நிகில் காமத் அவரை வென்றார். கணினி உதவியும் பிறர் உதவியும் இருந்ததை மறுநாள் அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். போக்கர் மேசையில் தாமதமும் நடுவரும் காப்பதை, இங்கே வீட்டிலிருந்து ஆடியவரின் நாணயத்திடம் விட்டிருந்தார்கள். நல்ல காரியம்தானே என்ற தளர்வு நன்கொடையாளருக்கும் இழப்பு. அவர்கள் காசு கொடுத்தது உண்மையான ஆட்டத்தைப் பார்க்க. பசித்த வயிற்றுக்குப் போன தொகை இதனால் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தரவரிசைக்குச் சேராத ஆட்டம், விதிகளும் தெளிவாக இல்லை, ஆனந்தும் மேற்கொண்டு வலியுறுத்தவில்லை என்று கூறி, முடக்கிய காமத்தின் கணக்கை, ஆட்டம் நடந்த தளமான செஸ்.காம் திரும்பத் திறந்துவிட்டது.