புதிரும் காசநோயும்

இணையத்தில் புதிர் விளையாடி அறிவியலுக்கு உதவ முடியுமா? முடியும். குரங்குகளுக்கு எய்ட்ஸ் போன்ற நோயைத் தரும் வைரஸ் ஒன்றின் நொதி வடிவம் பத்தாண்டுக்கு மேல் பிடிபடவில்லை. ஃபோல்டிட் என்ற புரத மடிப்புப் புதிரின் ஆட்டக்காரர்கள் மூன்றே வாரத்தில் அதற்குப் பொருத்தமான மாதிரியைத் தந்தார்கள். 2011-இல் அந்த ஆய்வு வெளியானது. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: எக்ஸ்-கதிர் தரவு முன்பே கையில் இருந்தது. மாதிரி சரி என்று சொன்னது அந்தத் தரவுதான். விளையாட்டின் மதிப்பெண் மட்டும் இருந்திருந்தால் அது வெறும் ஊகமாகவே நின்றிருக்கும்.

சோதனைத் தரவு என்ற இந்த அளவுகோலில் எடர்னா என்ற ஆர்என்ஏ புதிர் இன்னும் உயர்ந்து நிற்கிறது. ஆட்டக்காரர்கள் வடிவமைக்கும் ஆர்என்ஏவை ஸ்டான்ஃபோர்டு ஆய்வகம் உண்மையிலேயே செய்து பார்த்து, முடிவை அவர்களிடமே தருகிறது. தோல்வியடைந்த வடிவங்களிலிருந்தும் அவர்கள் விதிகளைக் கற்றுக்கொண்டார்கள். புரத வடிவத்தைக் கணிப்பதில் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு மனிதரை முந்திவிட்ட பிறகும் இந்தக் கற்றல் மதிப்பிழக்கவில்லை.

2016-இல் எடர்னா தொடங்கிய ஓப்பன்டிபி என்ற சவால், இரத்தத்தில் மூன்று மரபணுக்களின் அளவை ஒப்பிட்டுக் காசநோயைக் காட்டும் ஆர்என்ஏவை வடிவமைக்கச் சொன்னது. வடசென்னையின் ராயபுரத்துச் சந்துகளிலும் திருவொற்றியூரிலும் ஒரே அறையில் ஒரு குடும்பமே படுத்துறங்கும் வீடுகள் உண்டு. அங்கே ஒருவர் இருமத் தொடங்கினால் எல்லோரையும் சோதிக்க வேண்டும். சளி துப்பத் தெரியாத குழந்தைக்கு அப்படியொரு இரத்தப் பரிசோதனை எத்தனை பெரிய உதவி!

ஆனால் மூலக்கூறு கிடைப்பது பாதி வழிகூட இல்லை. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு நிகராகக் குணமாகும் என்று 1959-இல் உலகுக்குக் காட்டியது. வீடு வீடாகப் போய் மீந்த மாத்திரைகளை எண்ணியவர்களும், ஒப்புக்கொண்டு ஒத்துழைத்த ஏழை நோயாளிகளும் இல்லாமல் அது நடந்திருக்காது. அந்த உழைப்பை எந்தத் திரையும் தராது.

ஆகவே என் தீர்ப்பு: தவறைச் சொல்ல ஓர் ஆய்வகம் பின்னால் இருந்தால் புதிர் விளையாட்டு அறிவியல், இல்லாவிட்டால் பொழுதுபோக்கு.

வடசென்னையில் ஆடுவதற்கு ஆளில்லாமல் இல்லை. கேரம் பலகையில் கோணம் கணிக்கும் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு உண்டு. வீராங்கனை காசிமா 2024 கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்றதும் இங்கிருந்து போய்த்தான். ஃபோல்டிட்டோ கணினியில் நிறுவ வேண்டிய நிரல். கைபேசி மட்டுமே உள்ள வீட்டுக்குள் அது நுழையாது. சேத்துப்பட்டுக் காசநோய் ஆய்வு நிறுவனம் சோதித்துப் பார்க்க முன்வருமானால், தமிழில், கைபேசியில், இந்தப் பிள்ளைகளிடம் ஒரு புதிரைக் கொடுக்கலாம். அதுவரை அவர்களின் நேரத்தைக் கேட்க நமக்கு உரிமையில்லை.