ராஜூவுக்கு என்ன பிடிக்காது?

‘உப்பின் இப்பின்’ என்ற மலேசியக் கார்ட்டூன் தொடரைப் பார்த்து வளர்ந்த எந்தப் பிள்ளையிடமும் மாயிலைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வரும். காசில் கெட்டி, பொரித்த கோழியை ‘இரண்டு ஒரு வெள்ளி’ என்று கூவியே ஒரு நாள் முதலாளியாகிவிடுவான். ஜர்ஜித்தா? வாயைத் திறந்தால் பந்துன் என்ற மலாய்ச் செய்யுள்தான். மே மே? பாடத்தில் கெட்டிக்காரி, கொஞ்சம் நாட்டாமையும் உண்டு. காக் ரோஸ்? கத்துவாள், ஆனால் தம்பிகளுக்கு ஒன்று என்றால் தாங்கமாட்டாள். அடுத்து ராஜூவைப் பற்றிக் கேளுங்கள். “மாடு வெச்சிருப்பான்” என்பார்கள். அதற்குமேல் பேச்சு நகராது. மற்றவர்களைப் பற்றி வந்தது குணம். ராஜூவைப் பற்றி வந்தது சொத்துப் பட்டியல்.

கார்ட்டூன் பாத்திரங்களுக்குத் திரைக்கு வெளியே ஒரு வாழ்க்கையைக் கட்டிக்கொடுப்பது உலகம் முழுக்க நடக்கிற காரியம். இவன் காலையில் எழுந்ததும் என்ன செய்வான், யாரிடம் கடன் வாங்குவான், எதற்கு அழுவான் என்று பிள்ளைகள் பள்ளி வேனில் பேசிக்கொள்கிறார்கள். பெரியவர்கள் அதையே கைப்பேசியில் பகடிப் படமாக்கி அனுப்பிக்கொள்கிறார்கள். இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒரு சமூகம் தன் பக்கத்து வீட்டுக்காரனை எந்த அளவுக்குத் தெரிந்து வைத்திருக்கிறது என்பதை இந்த விளையாட்டு காட்டிக்கொடுத்துவிடும். அதனாலேயே இதன் நல்லதையும் கெட்டதையும் நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போகிறவர்கள் வழியில் ஷா ஆலமைக் கடக்கிறார்கள். ராஜூவை உருவாக்கிய ஊர் அதுதான். அங்குள்ள, 2005இல் தொடங்கிய லெஸ் கொபாக் அனிமேஷன் நிறுவனத்தின் முதல் கனவு ‘கெங்’ என்ற முழுநீளப் படம். அது வெளிவரும் முன், 2007 நோன்பு மாதத்தில், உப்பின், இப்பின் என்ற இரட்டையரின் கதை ஆறு சிறு பகுதிகளாக டிவி9இல் வந்தது. நோன்பு என்றால் என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்ல வந்த கதை, பிடித்துக்கொண்டது. 2009இல் படமும் வந்தது. ராஜூ அந்தப் படத்தில், காட்டுக்குள் போகும் கூட்டத்தில் ஒருவன். விலங்குகளோடு பேசத் தெரிந்தவன். தொடரில் அவனுடைய அப்பா முத்து அங்கிள் கம்பத்தில், அதாவது கிராமத்தில், சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். சாப்பி என்ற காளை கூடவே இருக்கிறது. பின்னால் தேவி என்ற சிறுமியும் வருகிறாள். தீபாவளிக் கதையும் உண்டு. கதை நடக்கும் கம்போங் டுரியான் ருந்தோவின் தமிழர் பதிவேடு ஏறக்குறைய இவ்வளவுதான். ரயில் பாதையின் ஒரு முனையில் துன் சம்பந்தன் சாலை, மறு முனையில் தெங்கு கிளானா சாலை, இரண்டுமே தமிழர் கடைத்தெருக்கள். நடுவில் வரையப்பட்ட தமிழ்ப் பையனுக்குக் கிடைத்தது மாடு.

குறை சொல்லும் முன் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். குறைத்து வரைவதுதான் கார்ட்டூன் கலையின் பலமே. ஒரு குடுமி, ஒரு குரல், திரும்பத் திரும்ப வரும் ஒரு வாசகம் போதும், ஆள் எழுந்து நின்றுவிடுகிறான். மிச்சத்தைப் பார்ப்பவன் பார்த்துக்கொள்வான். டாமும் ஜெர்ரியும் அநேகமாகப் பேசுவதே இல்லை. ஆனால் அவர்கள் என்ன திட்டிக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைக்கும் அதனதன் மொழியில் தெரியும். சுட்டி டிவியில் டோராவின் குரங்கு ‘புஜ்ஜி’ ஆனதும், நரியிடம் ‘குள்ளநரி திருடக் கூடாது’ என்று பிள்ளைகள் கைநீட்டிச் சொன்னதும் இதே வேலைதான், சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தது. ஆஸ்ட்ரோ கட்டணத் தொலைக்காட்சி வழியாக அது நம் கூடத்துக்கும் வந்தது. எங்கோ வரைந்த ஒரு குரங்கை உறவுக்காரப் பிள்ளைபோல ஆக்கிவிடும் இந்த ஆற்றல் சின்ன விஷயமில்லை. இன்னொருவன் தன் வீட்டில் எப்படி இருப்பான் என்று யோசிக்கக் கற்றுக்கொள்வதற்கு இதைவிட மலிவான பள்ளிக்கூடமும் கிடையாது.

நம் பிள்ளைகளுக்கு இதில் முறையான பயிற்சியே உண்டு. நாட்டிலுள்ள 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் படித்தவர்களுக்குத் தன்கதை தெரியும். ‘நான் ஒரு பள்ளிப்பை’, ‘நான் ஒரு மிதிவண்டி’ என்று தொடங்கும் கட்டுரை. உயிரில்லாத பொருளுக்குள் புகுந்து அதன் கண்ணால் உலகைப் பார்க்கச் சொல்கிற அற்புதமான பயிற்சி. அதை நாம் என்ன செய்தோம்? பை தொழிற்சாலையில் பிறக்கும். லாரியில் ஏறும். கடையில் கண்ணாடிக்குப் பின்னால் காத்திருக்கும். ஒரு மாணவன் வாங்கிப் போவான், அவன் அதற்கு ‘எஜமானர்’. கொஞ்ச காலம் அன்பு, பிறகு ஒரு கிழிசல், பிறகு குப்பைத்தொட்டி. மிதிவண்டிக்கும் குடைக்கும் காலணிக்கும் அதே பிறப்பு, அதே எஜமானர், அதே சாவு. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யுபிஎஸ்ஆர் 2021இல் ஒழிக்கப்பட்டது. இந்த வாய்ப்பாடு ஒழிந்தபாடில்லை.

கார்ட்டூன் பாத்திரங்களைக் கற்பனை செய்வதிலும் இதே நோய்தான். ராஜூவின் ஒரு நாளை எழுதச் சொன்னால் பெரும்பாலும் எப்படி வரும்? எழுந்ததும் திருநீறு. அப்பாவுக்கு மாவாட்ட உதவி. மாட்டுக்குப் புல். ரஜினி படம். இரவில் தோசை. இதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஒரு வரியிலும் ராஜூவும் இல்லை. அவன் இடத்தில் எந்தத் தமிழ்ப் பையனை வைத்தாலும் பட்டியல் மாறாது. பண்பாட்டு அடையாளங்களை அடுக்கினால் ஆள் கிடைப்பான் என்று நம்புவதுதான் இந்தப் பழக்கத்தின் முதல் குறை. வருத்தம் என்னவென்றால், இதை நமக்குப் பிறர் மட்டும் செய்வதில்லை. நாமே பெருமையோடு செய்துகொள்கிறோம்.

இத்தனைக்கும் தொடர் நமக்குக் கொடுத்திருக்கும் தகவலிலேயே ஒரு பெரிய கதை கிடக்கிறது. விலங்குகள் பேசுவது ராஜூவுக்குப் புரியும். அவன் அப்பா நடத்துவதோ சாப்பாட்டுக் கடை. சரி, அடுப்பில் கோழிக்குழம்பு கொதிக்கும்போது அவன் எங்கே போய் நிற்பான்? கம்பத்துப் பெரியவர் தோக் டாலாங்கின் சேவல் ரெம்போ பேசுவதைக் கேட்கிறவன் மாயிலிடம் பொரித்த கோழி வாங்குவானா? வாங்காவிட்டால் என்ன காரணம் சொல்லித் தப்பிப்பான்? முத்து அங்கிளுக்கு இது தெரியுமா? கடைக்காரன் மகன் கடைச் சோற்றைத் தொடுவதில்லை என்பது வெளியே தெரிந்தால் வியாபாரம் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளில் ராஜூ திடீரென்று உயிர் பெறுகிறான். சின்னப் பொய்கள் சொல்கிறவன், அப்பாவைக் காப்பாற்றுகிறவன், நண்பர்கள் கோழிக்காலைக் கடிக்கும்போது வானத்தைப் பார்க்கிறவன். அவன் தமிழனாக இருப்பதற்கு இங்கே யாரும் மாவாட்டிக் காட்ட வேண்டியதில்லை. எனக்கு இதில் பிடித்தது, வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்டவில்லை என்பதுதான். கதை ஏற்கெனவே சொன்ன இரண்டு செய்திகளை ஒன்றோடொன்று மோதவிட்டால் போதும்.

ராஜூவோடு கோபாலை வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ‘கெங்’ படத்தை இயக்கிய நிசாம் அப்துல் ரசாக்கும் தோழர்களும் 2009இல் பிரிந்து போய் அனிமோன்ஸ்தாவைத் தொடங்கினார்கள். 2011இல் டிவி3இல் அவர்களுடைய ‘போபோய்போய்’ தொடர் வந்தது. அதில் நம்மவன் கோபால். பருத்த உடம்பு, தீராத பசி, எதைக் கண்டாலும் பயம். பொருள்களை உணவாக மாற்றுவதுதான் அவனுக்குக் கிடைத்த சக்தி. கேலிக்கு ஒரு இந்தியன் என்று கோபப்பட இடமிருக்கிறது. எனக்கும் அந்தச் சாப்பாட்டுச் சக்தியில் முழுத் திருப்தி இல்லை. முத்து அங்கிளின் கடையிலிருந்து அது வெகுதூரம் போய்விடவில்லை. ஆனாலும் கோபாலே சிறந்த பாத்திரம் என்பேன். அவன் பயம் எந்த இனத்துக்கும் சொந்தமில்லை, அவனுடையது. நடுங்கிக்கொண்டே சண்டைக்கு வருகிறவனிடம் முரண் இருக்கிறது. அவன் “டேய்” என்று கத்தும்போது மலாய், சீனப் பிள்ளைகளும் கூடக் கத்துகிறார்கள். ராஜூ நல்லவன், கெட்டது எதுவும் செய்யாதவன்; அதனாலேயே யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. சிறுபான்மைப் பாத்திரத்தைப் புண்படுத்திவிடக் கூடாதே என்ற கவனம் அவனிடமிருந்து குறைகளைப் பறித்துவிடுகிறது. குறையில்லாதவனுக்குக் கதையும் இல்லை.

கதை சொல்லாமல் விட்ட இடத்தை எது நிரப்பும் என்பதற்கு டாம் அன்ட் ஜெர்ரியே சாட்சி. 1940இல் வந்த முதல் படத்திலிருந்து அந்த வீட்டில் ஒரு கறுப்பினப் பெண் உண்டு. முகத்தைப் பார்க்க முடியாது. தடித்த கால்கள், செருப்பு, துடைப்பம், ஒரு குரல், அவ்வளவுதான். கண்டனங்கள் எழுந்தன, 1950களின் தொடக்கத்தில் அவளை நிறுத்தினார்கள். பிறகு தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அவளை அழித்துவிட்டு வெள்ளைக்காரப் பெண்ணை வரைந்தார்கள். முகம் காட்டாத அந்தப் பெண்ணுக்குப் பார்வையாளர்கள் என்ன வாழ்க்கையைக் கற்பித்திருப்பார்கள்? தங்கள் வீட்டு வேலைக்காரியைப் பற்றி ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருந்ததைத்தான். கற்பனை தானாகவே நியாயமாக இருக்கும் என்று நம்புகிறவர்களுக்கு நான் இந்தச் செருப்பைத்தான் காட்டுவேன்.

இன்னொரு வகைக் கற்பனையும் ஓடிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் பொறுமை குறைவு. இரட்டையர்கள் 2007இல் ஐந்து வயதுப் பிள்ளைகள். கணக்குப்படி 2022இல் இருபது. இன்னும் பாலர் பள்ளியைத் தாண்டவில்லையே, அப்படியானால் அவர்கள் எப்போதோ இறந்துபோனவர்கள் என்று ஒரு ‘ரகசியம்’. போக்கிமோன் நாயகன் மயக்கத்தில் கிடந்து காணும் கனவுதான் அந்தத் தொடர் என்பதும் இதே ரகம். இவை ஆழமாகத் தெரியும், ஆழம் இல்லை. பாத்திரத்தின் குணம், பழக்கம், ஆசை எதுவும் இதற்குத் தேவைப்படுவதில்லை. யாரை வேண்டுமானாலும் சாகடித்துவிடலாம். உப்பின் இப்பினுக்குத் தாய் தந்தை இல்லை என்பதைத் தொடரே சொல்லிவிட்டது. பெருநாளில் அடக்கத்தலத்துக்குப் போகிறார்கள். பிள்ளைகளிடம் மரணத்தை அவ்வளவு எளிமையாகப் பேசிய ஒரு கதைமேல் பேய்க்கதையைப் பூசுவது எனக்கு அற்பமாகவே படுகிறது.

ஜப்பானில் நடந்தது இதற்கு நேர்மாறு. ரோபோ பூனை டோராமோனின் மின்கலம் தீர்ந்துபோகிறது. சோம்பேறி நோபிதா அதை எழுப்புவதற்காகவே படித்துப் படித்துப் பெரிய பொறியாளராகிறான் என்று ஒரு ரசிகர் கடைசிக் கதை வரைந்தார். உரிமை நிறுவனம் தலையிட்டு, 2007இல் அவர் மன்னிப்புக் கேட்டு, லாபத்தில் பங்கும் கொடுக்க வேண்டியதாயிற்று. சட்டம் அதன் வழியில் சரிதான். ஆனால் நோபிதாவின் சோம்பலையும் பாசத்தையும் ஒரே கதையில் மோதவிட்ட அந்தக் கற்பனை, மூலத்தை எழுதியவரே மறுக்க முடியாத தர்க்கத்தில் நடந்தது.

நம் நாட்டிலும் முன்மாதிரிக்குப் பஞ்சமில்லை. கார்ட்டூன் கலைஞர் லாட்டின் ‘கம்போங் போய்’ 1979இல் வந்தது. அதன் தொடர்ச்சியான ‘டவுன் போய்’ 1981இல். ஈப்போவுக்குக் குடிவந்த மலாய்ச் சிறுவனுக்கு ஃபிராங்கி என்ற சீனப் பையன் நண்பனாகிறான். ஃபிராங்கியின் பெற்றோர் நடத்துவது காப்பிக் கடை. முத்து அங்கிளுக்கும் அவர்களுக்கும் தொழிலில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் அந்தப் புத்தகத்தை மூடிய பிறகு ஃபிராங்கியைக் காப்பிக் கடைக்காரன் மகன் என்றா நினைக்கிறோம்? கடைக்கு மேல்மாடியில் எல்விஸ் பிரெஸ்லி பாட்டைப் போட்டுவிட்டு, கையில் இல்லாத கிட்டாரை வாசித்துக் குதிக்கும் பையன் என்றுதான். கடை அவன் பின்னணி, கிட்டார்தான் அவன். ஒரு மலாய்க் கலைஞர் சீன நண்பனுக்கு இதைச் செய்ய முடிந்திருக்கிறது, ராஜூ பிறப்பதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே. ஆகவே பிறர் இனத்துப் பிள்ளையை எழுதுவது கடினம் என்ற சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன். லாட் கூர்ந்து பார்த்தார், அவ்வளவுதான்.

கூர்ந்து பார்க்க நமக்கும் ஏராளம் இருக்கிறது. கம்பத்துத் தமிழ்ப் பிள்ளையைவிட, தோட்டம் துண்டாடப்பட்டு லயத்தை விட்டுவந்த பாட்டியோடு அடுக்குமாடியில் வளரும் பிள்ளைதான் கிள்ளான் பள்ளத்தாக்கில் அதிகம். கடை அடைக்கும் நேரத்தில் பிரிக்பீல்ட்ஸின் பூக்கடைக்குள் வீட்டுப்பாடம் எழுதுகிற பிள்ளைகளும் உண்டு. ராஜூவை அங்கே கொண்டுவர வேண்டும் என்றில்லை. அவன் கம்பத்திலேயே இருக்கட்டும். அவனுக்கு ஒரு கோபம், ஒரு பொய், ஒரு பிடிக்காத காய்கறி கிடைத்தால் போதும்.

தமிழாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரை வகுப்பில் பள்ளிப்பைக்கு விடுமுறை கொடுத்துவிட்டு ‘ராஜூவின் சனிக்கிழமை’ என்று எழுதச் சொல்லுங்கள். மாடும் கடையும் முதல் பக்கத்தில் வரக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. நல்லதாக நான்கைந்து தேறினால் மலாயில் பெயர்த்து ஷா ஆலமுக்கு அனுப்பி வையுங்கள். கொமுட்டரில் போனால் நேரிலேயே கொடுத்துவிடலாம்.