கவலையின் இலக்கணம்

நாடாளுமன்றங்கள் அயல்நாட்டுச் சிறுபான்மையினரைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் சொல் 'கவலை'. ஆழ்ந்த கவலை, மிகுந்த கவலை, கவலை அளிக்கிறது. ஊர் எரிந்தாலும் பத்திரிகை அலுவலகம் எரிந்தாலும் அதே சொல்தான். எல்லா இடத்துக்கும் ஒரு சொல் பொருந்துகிறது என்றால் முதலில் அந்தச் சொல்லைத்தான் வாசிக்க வேண்டும். தீர்மானம் என்பதும் ஒரு பிரதிதான். அதற்கும் கதைசொல்லி உண்டு, பாத்திரங்கள் உண்டு, மௌனங்கள் உண்டு.

தொல்காப்பியர் சொல்லும் மெய்ப்பாடுகள் எட்டு. அவற்றில் அழுகை இருக்கிறது, வெகுளி இருக்கிறது, கவலை இல்லை. வெகுளி பிறக்கும் இடங்களாக அவர் நான்கைச் சொல்கிறார்: உறுப்பை அறுத்தல், குடியை நலிதல், அடித்து அலைத்தல், கொலை. இந்த நான்கும் நடக்கிற இடத்தைப் பார்த்துத்தான் நம் காலத்து அவைகள் 'கவலை' என்கின்றன. பழந்தமிழில் கவலை என்றால் வழி பிரியும் இடம், கவர்வழி. அவைகளின் கவலைக்கு இந்தப் பழைய பொருளே சரியாகப் பொருந்துகிறது. எந்த வழியிலும் போகாமல் பிரிவில் நிற்பது. நின்றுகொண்டே போய்விட்டதாகக் காட்டிக்கொள்வது.

நமக்குத் தெரிந்த கதையையே எடுத்துக்கொள்வோம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது 'ஈழநாடு' பத்திரிகையின் அலுவலகமும் எரிக்கப்பட்டது. 2000 அக்டோபரில் பிபிசி செய்தியாளர் மயில்வாகனம் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் அவர் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்தப்பட்ட 'தராக்கி' சிவராமின் உடல் இலங்கை நாடாளுமன்ற வளாகத்துக்கு அருகில் கிடந்தது. 2006 மே 2இல் 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்து ஊழியர் இருவரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். அந்த ஆண்டு யுனெஸ்கோ அதற்கான மாநாட்டை நடத்தியது கொழும்பில். 2009 ஜனவரி 8இல் சிங்களவரான லசந்த விக்கிரமதுங்க. சிறுபான்மையினர் மீதான ஒடுக்குமுறையும் பத்திரிகை மீதான ஒடுக்குமுறையும் தனித்தனி அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். முதலாவதை நடத்துவதற்கு இரண்டாவது தேவைப்படுகிறது; அவ்வளவுதான்.

இதற்கு நம் அவைகள் என்ன செய்தன? 2008 அக்டோபரில் சென்னையில் கூடிய அனைத்துக் கட்சிக் கூட்டம், இரண்டு வாரத்தில் போர்நிறுத்தம் வராவிட்டால் தமிழக எம்.பி.க்கள் பதவி விலகுவார்கள் என்று அறிவித்தது. போர் நிற்கவில்லை. பதவிகளும் நிலைத்தன. 2011 ஜூனிலும் 2013 மார்ச்சிலும் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது: பொருளாதாரத் தடை வேண்டும், பொதுவாக்கெடுப்பு வேண்டும். அதே 2013 மார்ச்சில் இந்திய நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரக் கட்சிகள் கூடிப் பேசின. ஒருமித்த கருத்து வரவில்லை, தீர்மானமும் வரவில்லை. செத்தவர்கள் 2009 மேயிலேயே செத்து முடிந்திருந்தார்கள்.

செயலின்மையைவிட என்னை உறுத்துவது அத்தீர்மானங்களின் செயப்படுபொருள். யாருக்காகக் கவலை? 'இலங்கைத் தமிழர்'. நான் இதை எழுதுவது கடையநல்லூரிலிருந்து. முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் ஊர்; தறியும் சிங்கப்பூர், வளைகுடாப் பயணங்களும் உருவாக்கிய ஊர். வீட்டிலும் கடைத்தெருவிலும் இங்கே பேசுவது தமிழ். ஆகவே 'தமிழர்' என்ற சொல்லின் எல்லை எங்கே முடிகிறது என்ற கேள்வி இங்கிருந்து வாசிப்பவருக்குத் தானாகவே வரும்.

1990 அக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் மொத்தமாக வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75 ஆயிரம் பேர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு அக்டோபர் 30 அன்று கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அதே ஆண்டு ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். புலிகள் மறுத்தாலும் உயிர் தப்பியவர்கள் கைகாட்டியது அவர்களைத்தான். வெளியேற்றப்பட்டவர்களின் தாய்மொழி தமிழ். அங்கே முஸ்லிம்கள் தங்களைத் தனி இனமாகக் கருதுகிறார்கள், அதற்குத் தனி வரலாறு உண்டு என்பது சரி. அப்படியென்றால் அவர்கள் சிறுபான்மைக்குள் சிறுபான்மை. கவலைக்கு இரட்டை உரிமை உடையவர்கள். சட்டமன்றத் தீர்மானங்களின் கோரிக்கைகளில் அவர்களுக்கு ஒரு வரி கிடையாது. 2002இல் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் சந்திப்பில் அன்ரன் பாலசிங்கமே வெளியேற்றம் தவறு என்று ஒப்புக்கொண்டார். நம்ம ஆட்கள் அதையும் கண்டுக்கவில்லை.

பத்திரிகை, எழுத்துச் சுதந்திர விஷயத்திலும் இதே கதைதான். மனித உரிமை மீறல்களை இருபக்கமும் பதிவுசெய்த ரஜனி திராணகம 1989இல் கொல்லப்பட்டார். கவிஞர் செல்வி 1991இல் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார், திரும்பவில்லை. சபாலிங்கம் 1994 மே 1இல் பாரிஸில் சுடப்பட்டார். சிவராமுக்கு அழுத நம் மேடைகளில் இந்தப் பெயர்கள் ஏறுவதில்லை. இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: 'அங்க குண்டு விழும்போது இதையெல்லாம் பேசணுமா?' பேசணும். அரசு செய்த கொலையின் கனம் இதனால் ஒரு குன்றிமணி அளவும் குறையாது. ஆனால் கொன்றவன் யார் என்று பார்த்துக் கொல்லப்பட்டவரைத் தேர்ந்தெடுப்பதற்குப் பெயர் கவலை இல்லை, கட்சி கட்டுதல்.

இப்போது டெல்லிக்கு வருவோம். அயல்நாட்டில் ஒடுக்கப்படும் சிறுபான்மையினர் மீதான அக்கறையை இந்திய நாடாளுமன்றம் சட்டமாகவே எழுதியது ஒருமுறை: 2019 டிசம்பரின் குடியுரிமைத் திருத்தச் சட்டம். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் அதில் உண்டு. இலங்கை இல்லை, மியான்மர் இல்லை. ஆறு மதங்கள் உண்டு, இஸ்லாம் இல்லை. ஈழத்து இந்துவுக்கு நாடு தடை, ரோஹிங்கியாவுக்கு நாடும் மதமும் தடை. 2011இலும் 2013இலும் சட்டமன்றத்தில் அந்தத் தீர்மானங்களைக் கொண்டுவந்த அ.தி.மு.க., மாநிலங்களவையில் இந்தச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. தீர்மானம் போட ஒரு கை, கதவைச் சாத்த இன்னொரு கை.

அகதிகள் தொடர்பான 1951ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1983 முதல் வந்த ஈழ அகதிகளில் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் தமிழகத்தின் நூற்றுச்சொச்சம் முகாம்களில் இருக்கிறார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்கள் உண்டு. 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' ஆனது. 2025இல், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவுசெய்தவர்களுக்கு உரிய ஆவணம் இல்லாமைக்கான தண்டனையிலிருந்து விலக்கு வந்தது. நல்லதுதான். குடியுரிமை மட்டும் வரவில்லை. கடலுக்கு அப்பால் இருக்கும்வரை 'தொப்புள்கொடி உறவு'. மண்டபத்தில் கரையேறிவிட்டால் பதிவேட்டில் ஓர் எண். நாடற்றவருக்கே மனித உரிமை மிக அதிகம் தேவை, அவருக்குத்தான் அது கிடைப்பதே இல்லை என்று ஹன்னா அரெண்ட் வாதிட்டதை இந்த முகாம்களில் வைத்து வாசிக்கலாம்.

கவலை நம் பக்கம் திரும்பினால் என்ன ஆகும்? 2023 ஜூலையில் ஐரோப்பிய நாடாளுமன்றம் மணிப்பூர் குறித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. சிறுபான்மையினரைப் பாதுகாக்க வேண்டும், பத்திரிகையாளர்களை உள்ளே விட வேண்டும், இணையத் தடையை நீக்க வேண்டும் என்று கேட்டது. இது உள்நாட்டு விவகாரம், காலனிய மனப்பான்மை என்று நம் வெளியுறவுத் துறை பதில் சொன்னது. கொழும்பு பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த பதிலும் இதுதான். ஐரோப்பாவுக்கு இதைக் கேட்கத் தகுதி உண்டா என்ற கேள்வி நியாயமானது. மத்தியதரைக் கடலில் மூழ்கும் அகதிகளைக் கேட்டால் தெரியும். ஆனால் கேட்பவரின் தகுதியின்மை, கொலையுண்டவரின் நியாயத்தை அழித்துவிடாது. ஹத்ராஸுக்குச் செய்தி சேகரிக்கப் போன சித்திக் காப்பன் 2020 அக்டோபரில் கைதாகி 2023 பிப்ரவரியில்தான் வெளியே வந்தார். அந்த 2023இல் எல்லைகளற்ற பத்திரிகையாளர் அமைப்பின் பட்டியலில் 180 நாடுகளில் இலங்கை 135, இந்தியா 161.

அடுத்த தீர்மானம் எப்படியும் வரும். தேர்தல் வரும்போது நிச்சயம் வரும். எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் கைதட்டுவதற்கு முன்னால் அதன் வாசகத்தை வாங்கிப் படிக்க வேண்டும். நம் ஆள் கொன்றவரும் அதில் இருக்கிறாரா? ஏற்கெனவே இங்கே வந்து சேர்ந்தவருக்கு அது என்ன தருகிறது? அங்கே கேட்கும் பத்திரிகைச் சுதந்திரத்தை இங்கேயும் கேட்கிறதா? இல்லை என்றால் விடுபட்ட வரிகளை நாம் எழுதிச் சேர்த்து, அந்தத் தீர்மானத்தோடேயே அச்சிட்டு ஊர் ஊராகக் கொடுப்போம். வடக்கிலிருந்து இரண்டு மணி நேரத்தில் வெளியேறியவர்களைப் பற்றிய வரியை அதில் முதலாவதாகச் சேர்க்கலாம்.