செவிலி கண்ட இல்லறம்

சங்க அகப்பாடல்களைப் பயில்வோர் உள்ளத்தைப் பெரிதும் கவர்வன பிரிவைப் பாடும் பாடல்களே. பாலையின் வெம்மையும், நெய்தலின் இரங்கலும், கார்ப்பருவங் கண்டு வருந்தும் தலைவியின் ஏக்கமும் பலராலும் பலமுறை ஆராயப்பட்டுள்ளன. கூடி வாழும் குடும்பத்தின் அமைதியைப் பாடும் பாடல்களோ எண்ணிக்கையிற் சில. ஆராய்ச்சியில் அவை பெற்ற இடமும் சிறிதே. இன்பம் நிறைந்த இடத்தில் நிகழ்ச்சி இல்லை. நிகழ்ச்சி இல்லாத இடத்தில் கவிதைக்கு வேலை இல்லை எனக் கருதுவாரும் உளர். ஐங்குறுநூற்று முல்லைப் பகுதியின் முதற்கண் நிற்கும் செவிலி கூற்றுப் பத்தினை (401–410) அன்னோர் அழகிய ஓவியம் எனப் பாராட்டி, அவ்வளவில் விடுத்து, அடுத்த பத்திற்குச் செல்வர். அப்பாராட்டுப் போதாது. இப்பத்தின் ஆழத்தை உணர வேண்டின், அதன் சொற்களோடு அது நூலில் நிற்கும் இடத்தையும், அதனைச் சொல்பவள் யார் என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். ஈண்டு யாம் அதனைச் செய்யப் புகுகின்றோம்.

பத்தின் பொருள்

இப்பத்தினைப் பாடியவர் பேயனார். மணம் முடிந்தபின் தலைவனும் தலைவியும் வாழும் மனைக்குச் சென்று மீண்ட செவிலி, தான் கண்டவற்றை நற்றாய்க்குக் கூறுவதாகப் பத்துப் பாட்டும் அமைந்துள்ளன. அவள் கண்டவை யாவை? பெருஞ்செல்வத்தை அவள் எண்ணிக் கூறவில்லை. தலைவன் வென்ற போர்களையும் கூறவில்லை. குட்டியை இடையே கிடத்திய மான்களைப்போல மகனை நடுவிற் கொண்டு இருவரும் கிடந்ததைக் கண்டாள் (401). மகனைத் தழுவிக் கிடந்த தாயின் முதுகைத் தலைவன் தழுவிக் கிடந்ததைக் கண்டாள் (402). சிறுதேர் உருட்டித் தளர்நடை நடக்கும் மகனைக் காணுந்தோறும் தந்தையின் உள்ளம் அவன்பால் பெருகக் கண்டாள் (403). மாலைப்பொழுதில் முற்றத்துக் குறுங்காற் கட்டிலில் மனைவி உடனிருப்ப, தலைவன் மார்பின்மீது மகன் ஊர்ந்து விளையாடக் கண்டாள் (410). பத்தினுள் 407ஆம் பாட்டொன்றே மகனைச் சுட்டாதது.

இவை நாள்தோறும் நிகழ்வன. எளிய மனை எதனுள்ளும் காணத்தக்கன. ஆயின் செவிலி இவற்றை அளக்கும் அளவுகோல் எளியதன்று. மூவரும் கிடந்த கிடக்கை இவ்வுலகிலும் மேலுலகிலும் பெறற்கரியது என்கின்றாள் (401). மகனைத் தந்தை தழுவ, அவ்விருவரையும் தாய் தழுவிய காட்சியை இப்பேருலகிற்கு ஒப்பாக நிறுத்துகின்றாள் (409). ஒரு கட்டிலின் அகலத்தில் அடங்கும் காட்சிக்கு உலகம் எதிர்நிறை ஆகின்றது. இவ்வளவு பெரிய அளவுகோல் அவளுக்கு எங்கிருந்து வந்தது? இவ்வினாவிற்கு விடை இப்பத்திற்குள் இல்லை; நூலில் இதற்கு முன்னே உள்ளது.

நூலில் நிற்கும் இடம்

ஐங்குறுநூறு மருதம், நெய்தல், குறிஞ்சி, பாலை, முல்லை என்னும் முறையில் தொகுக்கப்பட்டது. முல்லைக்கு முன் நிற்பது ஓதலாந்தையார் பாடிய பாலை. அதன் எட்டாம் பத்து, மகளைப் போக்கிய தாய் இரங்கும் பத்தாகும் (371–380). தலைவனுடன் மகள் சுரம் கடந்து செல்ல, தாய் மனையில் நின்று புலம்புகின்றாள். மகள் விளையாடிய பாவையையும் கிளியையும் பூவையையும் காணுந்தோறும் கலங்குகின்றாள் (375). ஆயினும் அப்பத்தின் முதற்பாட்டில் அவள் வேண்டுவது மகள் மீள வேண்டும் என்பதன்று. மகள் செல்லும் வழியில் மழை பொழிந்து, அச்சுரம் அவளுக்கு இனியதாக வேண்டும் என்பதே. மகள் தெளிந்து சென்றது அறநெறி என அவள் ஏற்றுக்கொள்கின்றாள் (371).

அதன்பின் இடைச்சுரத்து நிகழ்ச்சிகளைக் கூறும் பத்து ஒன்று. அதன்பின் மறுதரவுப் பத்து. அதனோடு பாலை முடிகின்றது. ஏட்டின் அடுத்த பாட்டு செவிலி கூற்றுப் பத்தின் முதற்பாட்டாகும். சுரம் இனிதாகுக என்று ஒரு தாய் வேண்டிய வேண்டுதலுக்கு, முப்பது பாட்டுக் கழித்து, அவர்கள் வாழ்வு இனிது என்று மற்றொரு தாய் வந்து விடை கூறுவதுபோல் உள்ளது. அகத்திணை மாந்தர் பெயர் சுட்டப்படாதவர் ஆகலின், பாலையிற் சென்ற மகளும் முல்லையில் மனையறம் காக்கும் மனைவியும் ஒருத்தியே என்று கூறுவதற்கில்லை. ஆயினும் வரிசையாகப் பயிலும் கற்போன் நெஞ்சம் இரண்டனையும் இணைத்தே உணரும். உலகத்தையே எதிர்நிறையாக வைக்கும் செவிலியின் அளவுகோல், பாவையையும் கிளியையும் கண்டு கலங்கிய மனையிலிருந்து வந்தது என்க.

முன்னே நிற்பதனோடு பின்னே வருவதனையும் காண்போம். செவிலி கூற்றுப் பத்தினைத் தொடர்ந்து வரும் முல்லைப் பத்துகளில் பாசறை உண்டு. பருவங் கண்டு கிழத்தி உரைத்தல் உண்டு. தோழி வற்புறுத்தல் உண்டு. இறுதிப் பத்தில் தலைவனின் வரவு உண்டு. முல்லையின் உரிப்பொருள் இருத்தல். எதற்காக இருத்தல் என்று அறியாதவனுக்கு அவ்விருத்தல் வெறுங் காத்திருப்பாகவே தோன்றும். முதற்பத்தைப் பயின்று செல்வோனுக்கோ, பாசறைத் தலைவன் எண்ணி ஏங்குவது எந்தக் கட்டிலை, எந்த முற்றத்தை என்பது தெரியும். ஆகவே இப்பத்து இரு பிரிவுகளுக்கு இடையே நிற்கின்றது: ஒன்று தாயிடமிருந்து மகள் பிரிந்தது, மற்றொன்று மனைவியிடமிருந்து கணவன் பிரியப்போவது. நிகழ்ச்சியற்ற ஓவியம் என்னும் கூற்று இதனால் வலியிழக்கின்றது.

கூடலூர் கிழாரின் கண்

பாலையைப் பாடியவரும் முல்லையைப் பாடியவரும் வேறு வேறு புலவர். அவற்றை ஒரு நூலாக இணைத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார்; தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ் சேரல் இரும்பொறை. குறுந்தொகை 167ஆம் பாட்டும் கூடலூர் கிழார் பெயரால் வழங்குகின்றது. அதுவும் மணமனைக்குச் சென்று மீண்ட செவிலி நற்றாய்க்குக் கூறியதே. இருவரும் ஒருவரே எனக் கொள்ளின், தொகுத்தவர் தம் தொகைநூலின் இப்பத்தினை எத்தகைய கண்கொண்டு நோக்கியிருப்பார் என்பதற்கு அவர்தம் பாட்டே சான்றாகும்.

ஆறே அடி கொண்டது அப்பாட்டு. தலைவி தயிரைத் தன் விரலாற் பிசைகின்றாள்; அவ்விரலை உடையில் துடைத்துக்கொண்டு, அதனைக் கழுவாமலே உடுத்திருக்கின்றாள்; தாளிப்பின் புகை கண்ணில் நிறைகின்றது; தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கின்றான்; அவள் முகம் நுட்பமாக மகிழ்கின்றது. பாட்டில் கார் இல்லை, காடு இல்லை, முல்லைப்பூவும் இல்லை. நிலத்தை நினைவூட்டுவது தயிர் ஒன்றே. விரலுக்கு உவமையாக வரும் காந்தளோ குறிஞ்சிக்கு உரியது. களவுக் காலத்து மலைச்சாரலில் தலைவன் பாராட்டியிருக்கக்கூடிய காந்தள் விரல், கற்புக் காலத்து அடுக்களையில் தயிர் பிசைகின்றது. அழகு மாறவில்லை, அதன் தொழில் மாறியது.

பேயனாரின் பத்தோடு இப்பாட்டினை ஒப்பிடின் ஒரு வேறுபாடு புலனாகும். பேயனார் தலைவியைத் தாயாகவே பெரிதும் காண்கின்றார். அவள் மனைக்கு விளக்காகின்றாள் என்னும் உயர்ந்த பாட்டிலும் (405) மகனைப் பெற்றவள் என்பதே அவளுக்குரிய பெயர். அவள் என் எண்ணினாள் என்பது பத்துப் பாட்டிலும் வெளிப்படவில்லை. கூடலூர் கிழார் பாட்டிலோ அவள் விரல் தெரிகின்றது, கண் தெரிகின்றது, முகம் தெரிகின்றது. பாட்டில் ஒலிக்கும் பேச்சு கணவன் கூறும் ஒரு சொல்லே. அதற்கு அவள் விடை கூறவில்லை. அவளுடைய மகிழ்ச்சி அருகே கூர்ந்து நோக்கினார்க்கன்றிப் புலப்படாத அளவு நுண்ணியது. அதனைக் கண்டுகொண்டவள் செவிலி. குழவிப்பருவம் முதல் அம்முகத்தைப் பார்த்து வளர்த்தவளுக்கன்றி வேறு யார்க்கு அது விளங்கும்? இவ்வகையில் குறுந்தொகைப் பாட்டே மேலானது என்பது எம் கருத்து.

எழக்கூடிய தடை

இல்லறத்தின் இனிமையை மட்டும் காட்டிப் புலவர் அதன் குறைகளை மறைத்தனர் என்று தடை எழுப்பலாம். மறைத்தாரல்லர். ஐங்குறுநூறு தொடங்குவதே ஊடலை உரிப்பொருளாகக் கொண்ட மருதத்தில். குறுந்தொகை 8ஆம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் காதற்பரத்தை ஒருத்தியைப் பேசவைக்கின்றார். தலைவன் தன் மனையில் ஆடியுள் தோன்றும் பாவைபோல மனைவியின் விருப்பிற்கெல்லாம் ஆடுகின்றான் என அவள் இகழ்கின்றாள். அங்கும் மனைவியைச் சுட்டும் பெயர் அவன் மகனின் தாய் என்பதே. செவிலி வாயில் விளக்காக ஒளிவிடும் அப்பெயர், பரத்தை வாயில் ஏளனமாகின்றது. ஒரே மனை, காண்பவர் வேறு. ஒருத்தி கொடுத்தவள்; மற்றொருத்தி பெறமாட்டாதவள். இன்பத்தின் பொருள் காண்பவர் நிலைக்கேற்ப மாறும் என்பதைத் தொகைநூல்கள் அறிந்தே காட்டியுள்ளன.

வறுமையும் மறைக்கப்படவில்லை. நற்றிணை 110ஆம் பாட்டில், பொற்கலத்துத் தேன்கலந்த பாலை உண்ண மறுத்துப் பந்தரைச் சுற்றி ஓடி, நரைத்த செவிலியரை இளைக்க வைத்த சிறுமி, கணவன் குடி வறுமையுற்றபோது தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல் ஒருவேளை விட்டு ஒருவேளை உண்கின்றாள். பாடியவர் போதனார், திணை பாலை. அறிவும் ஒழுக்கமும் இவள் எங்குக் கற்றாள் என்று தாய் வியக்கின்றாள். இதனை மனநிறைவு என்று எளிதிற் பெயரிட்டு மகிழ்தல் முறையன்று. பசி பசியே. புலவரும் இப்பாட்டை முல்லைக் காட்சியாக்கவில்லை. மகளின் உறுதியை வியக்கும் தாயின் குரலில் கலக்கமும் கலந்தே ஒலிக்கின்றது. நிறைவு வேறு, பொறுத்தல் வேறு என்னும் தெளிவு அக்காலப் புலவர்க்கு இருந்தது.

புறத்திற் காணும் சான்று

தன் நிறைவைத் தானே கூறும் பாட்டு இல்லையோ எனின், புறநானூற்றில் உண்டு. பிசிராந்தையார் நரையின்றி வாழ்வதற்குக் காரணமாக மாண்புடைய மனைவியையும் அறிவு நிரம்பிய மக்களையும் முதற்கண் கூறி, ஏவலர், அரசன், ஊரிலுள்ள சான்றோர் என விரிக்கின்றார் (191). ஆயின் அவரும் தாமாக அதனைக் கூறினாரல்லர். சான்றோர் வினவ விடையிறுத்தார். வினவிய இடமும் நோக்கத்தக்கது. உயிர்நண்பனாகிய கோப்பெருஞ்சோழனை நாடி அவர் வந்த இடம் அது. அச்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்தவன். பிசிராந்தையாரும் அவ்வழியே சென்றவர். நிறைந்த இல்லத்தை உடையவர் அதன் நிறைவை எடுத்துரைத்தது, அதனை விட்டுவந்த பின்னரே. பாண்டியன் அறிவுடை நம்பியும், சோற்றைத் துழாவி மேனியெங்கும் சிதறும் குழந்தையின் செயல்களை அடுக்கிக் கூறுவது, அக்குழந்தைகள் இல்லாதார் வாழ்நாட்குப் பயனில்லை என்று முடித்தற்காகவே (188). நிறைவைக் காட்ட இன்மையே அவனுக்குக் கருவியாகின்றது.

முடிபு

இவையெல்லாம் கொண்டு யாம் துணிவது இது: சங்கப் புலவர் இல்லத்தின் இன்பத்தைப் பெரும்பாலும் அதனை நுகர்வார் வாயில் வைக்கவில்லை. அதனைக் கொடுத்தவர், விட்டுவந்தவர், இல்லாதார் நிலையை எண்ணுவார் வாயில் வைத்தனர். நுகர்வார்க்கு அது நாளின் ஒரு பகுதி. உண்பதும் உறங்குவதும் மகனை மார்பில் ஏற்றுவதுமாகக் கழிவது. காண்பார்க்கே அது உலகத்தோடு ஒப்பிடத்தக்க பேறாகின்றது.

இப்பாடல்களில் ஒரு சொல்லும் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பவள் நற்றாய். மகள் மனைக்குச் சென்றவள் செவிலியே. நற்றாய் சென்றதாகப் பாட்டில் இல்லை. மான்போற் கிடந்த மூவரையும், புகை நிறைந்த கண்ணையும், நுண்ணிதாய் மலர்ந்த முகத்தையும் அவள் கேள்வியால் மட்டுமே பெறுகின்றாள். செவிலி ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துக் காட்சிகளைக் கூறுவதற்கும், ஒவ்வொன்றையும் இவ்வளவு துல்லியமாகக் கூறுவதற்கும், கேட்பவளின் அந்நிலையே காரணமாதல் வேண்டும். ஆகவே இப்பத்தினைப் பயிற்றுவோரும் பயில்வோரும் 401ஆம் பாட்டிலிருந்து தொடங்காமல், 371ஆம் பாட்டிலிருந்து தொடங்குவாராக. பாவையும் கிளியும் கிடக்கும் வெறுமனையில் முதலில் நின்றவர்க்கே, செவிலி கொண்டுவந்த செய்தியின் அருமை விளங்கும்.