நினைவில்லங்களின் விளக்கப் பலகையும் 'அவர்' என்னும் சொல்லும்

கலைஞர் வாழ்ந்த வீடு நினைவில்லமாகும்போது, அவர்தம் வாழ்வு விளக்கப் பலகையில் ஓரிரு தொடர்களாகச் சுருங்குகிறது. தன்பாலினத்தாரை விரும்பிய கலைஞர்களைப் பற்றிய அத்தகைய தொடர்களைத் தமிழாக்குங்கால் எழும் சிக்கலை, தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதியின் மொழிச்சூழலில் வைத்து இக்கட்டுரை நோக்குகிறது.

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் ஒளிப்படக் கலைஞர் ஆலிஸ் ஆஸ்டினின் (1866-1952) இல்லம் அருங்காட்சியகமாக உள்ளது. நடனம் கற்பித்த கெர்ட்ரூட் டேட் என்னும் பெண்மணி அங்கு அவருடன் பல்லாண்டு வாழ்ந்தார். அமெரிக்க வரலாற்றிடங்களின் தேசியப் பதிவேட்டில் இவ்வில்லம் பற்றிய குறிப்பு 2017இல் திருத்தப்பெற்று, இவ்வுறவும் அதன் வரலாற்றுச் சிறப்பாக ஏற்கப்பட்டது.

இச்செய்தியை, 'ஆஸ்டின் தம் வாழ்க்கைத்துணையுடன் இங்கு வாழ்ந்தார். அவர் நடனம் கற்பித்தார்' எனத் தமிழாக்கலாம். பிழையேதுமில்லை. ஆயின் 'அவர்' பால் காட்டாமையின், படிப்போர் கணவர் ஒருவரையே எண்ணுவர். தெலுங்கிலோ, 'வாரு' என்னும் பொதுவடிவம் இருப்பினும், இயல்பான நடையில் 'ஆயன' ஆணையும் 'ஆமெ' பெண்ணையும் குறிக்கும். 'ஆமெ' என்றெழுதிய அளவில் உண்மை புலப்படும். தமிழில் மறைப்பதற்கு மொழிபெயர்ப்பாளர் பொய்யுரைக்க வேண்டுவதில்லை, இலக்கணமே மறைத்துவிடுகிறது.

சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகளான இலங்கையில் இச்சிக்கல் நமக்கு இன்னும் அண்மையது. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் (1919-2003) கொழும்பு இல்லமும், பெந்தோட்டைக்கு அருகிலுள்ள லுனுகங்கத் தோட்ட இல்லமும் பார்வையாளர்க்குத் திறந்துள்ளன. அவர் ஆண்களை விரும்பியவர் என்பது அவர் வரலாற்றை எழுதியோர் பதிந்த செய்தியாகும். அவரை 'மணம் செய்யாதவர்' எனல் மெய்யே. எனினும் அது பாதி மெய். 'பிரமசாரி' எனல் பிழை. அச்சொல் நோன்பைச் சுட்டும். 'ஓரினச்சேர்க்கையாளர்' என்பது ஒரு வாழ்வையே ஒரு செயலாகக் குறுக்குகிறது. 'தன்பாலீர்ப்பாளர்' பொருத்தமான சொல்லே. ஆயினும் இத்தகைய உறவைச் சட்டம் குற்றமெனக் கொண்ட காலத்தில், தம்மை எப்பெயராலும் சுட்டிக்கொள்ளாதோரும் இருந்தனர். அவர்கள்மீது பெயரொன்றை ஏற்றுவதற்குத் தயக்கம் எழுதல் இயல்பு.

அத்தயக்கம் மௌனத்திற்குக் காரணமாதல் கூடாது. இன்று வாழ்வோரைக் குறிக்க, 2022இல் தமிழ்நாடு அரசிதழில் வெளியான சொற்பட்டியல் துணைபுரியும். மறைந்தோரைப் பொறுத்தவரை, பெயர்ச்சொல்லைவிட வினைச்சொல் நேர்மையானது எனலாம். 'விரும்பினார்', 'உடன் வாழ்ந்தார்' எனச் சான்று காட்டும் அளவிற்கு உரைத்து, துணையின் பெயரையும் பாலையும் வெளிப்படக் கூறுதல் வேண்டும். 'டேட் என்னும் பெண்மணி' என்பதில் இறுதிச் சொல்லைச் சேர்ப்பதும் விடுப்பதும் மொழிபெயர்ப்பாளரின் கையிலேயே உள்ளன.